கொட்டாஞ்சேனை வெதுப்பகத்தில் ஒரு வாக்கெடுப்பு

கொழும்புக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மாவு பிசையும் இயந்திரம் ஒன்றைப் பொருத்தி, அதை ஓட்டப் பழக்கிவிட்டு வரப் போனேன். கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி பேக்கரி இயந்திரங்கள் செய்கிறது. விற்ற இடங்களுக்குப் போய்ப் பொருத்தித் தருகிறவர்களில் நான் ஒருத்தி. பாலக்காட்டுக்கும் சித்தூருக்கும் பஸ்ஸில் போய்ப் பழகிய என் ஸ்பானர் பை முதல் தடவையாகக் கடல் தாண்டியது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சந்து ஒன்றில், அடுக்குமாடி வீட்டில் அறை. வீட்டுக்காரர் குலசிங்கம் ஓய்வுபெற்ற கணக்காளர், யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி போனபிறகு ஓர் அறையை என்னைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். சன்னலைத் திறந்தால் தண்டவாளம், அதை ஒட்டியே கடல். ரயில் போகும்போது அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுக்கும். அவர் பேச்சை நிறுத்தி, ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்.

சாப்பாடு இடியப்பம், தேங்காய்ப்பாலில் வைத்த சொதி, மிளகாய் சேர்த்து இடித்த தேங்காய்ச் சம்பல். "சம்பலைக் குறைச்சுப் போடுங்கோ பிள்ளை, உறைக்கும்" என்றார். ஆந்திரச் சாப்பாட்டையே பார்த்தவள் என்ற தைரியத்தில் நிறையப் போட்டுக்கொண்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததும் ஒரு வாழைப்பழத்தை உரித்து என் தட்டில் வைத்தார்.

"உங்கட மெஷினை வாங்கினது ஆர்?"

கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரி, வேலை செய்கிறவர்களே சேர்ந்து நடத்துகிறார்களாம், தனி முதலாளி கிடையாதாம் என்றேன்.

"எல்லாரும் முதலாளியெண்டால் ஆர் பிள்ளை வேலை செய்யிறது?" அவர் சிரித்தார். "நான் சங்கக்கடைக் கியூவில நிண்டு வளந்தவன். கூட்டுறவு எண்டு ஆரும் சொன்னால் எனக்கு ஞாபகம் வாறது பூட்டின கதவும், சீனி முடிஞ்சுது எண்ட குரலும்தான்."

சங்கக்கடை என்பது நம் ஊர் ரேஷன் கடை மாதிரி, கூட்டுறவுச் சங்கம் நடத்துவது. எனக்கும் கூட்டுறவு என்றால் நகைக்கடனும் பால் சொசைட்டியும்தான் தெரியும்.

மறுநாள் காலை வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில். வாசலில் திராட்சைக் குலை மாதிரி ஆட்கள். ஒரு பெரியவர் சிங்களத்தில் ஏதோ உரக்கச் சொல்ல, பெட்டியே சிரித்தது. பக்கத்தில் நின்ற அலுவலகப் பெண் தமிழில் சொன்னாள்: "உள்ளுக்கு ஒரு கல்யாணமே நடத்தலாமாம், எல்லாரும் கடலைப் பார்க்க வாசலில் நிற்கிறார்களாம்." அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நானும் வாசலுக்குத்தான் முண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் கடல் பார்க்க லீவு போட வேண்டும். இங்கே வேலைக்குப் போகிற வழியில் தினம் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

புறக்கோட்டையில் பஸ் மாற வேண்டும். பலகையில் மூன்று மொழி இருந்தது. தமிழைப் பார்த்த சந்தோஷத்தில் "கொ" என்ற முதல் எழுத்தை மட்டும் படித்துவிட்டு ஏறினேன். கடைகள் முடிந்து, பெரிய பெரிய எண்ணெய் டேங்குகள் தெரிந்தபோதுதான் சந்தேகம் வந்தது. அது கொலன்னாவை பஸ். நடத்துனர் என் நெற்றியையும் பையையும் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், எதிர்ப்பக்கம் கூட்டிப்போய் வேறு பஸ்ஸை நிறுத்தி, அந்த நடத்துனரிடம் என்னை ஒப்படைத்துவிட்டுத்தான் தன் பஸ்ஸை எடுக்கவிட்டார். ஒரு பஸ் நிறையச் சனம் அதுவரை காத்திருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.

கொட்டாஞ்சேனையில் கோயில் எங்கே என்று கேட்டால் மாதா கோயிலைக் காட்டுவார்கள், பிள்ளையார் கோயிலையும் காட்டுவார்கள். இரண்டுக்கும் ஒரே சொல். துறைமுகத்தின் கொள்கலன் லாரிகள் போகும் தெருவிலிருந்து பிரியும் குறுக்குத் தெருவில் அந்தப் பலகை இருந்தது. தமிழில் "வெதுப்பகம்" என்று எழுதியிருந்தது. பேக்கரிக்கு இப்படி ஒரு சொல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பலகைக்குக் கீழே என் இயந்திரம் மரப்பெட்டியோடு தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. வாசலை விடப் பெட்டி அகலம். பத்துப் பதினைந்து பேர் அதைச் சுற்றி நின்று இரண்டு மொழியில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது.

"முதலாளி எங்கேங்க?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

பெட்டிக்குத் தோள் கொடுத்திருந்த ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், மூச்சு வாங்கத் திரும்பினார். "முதலாளிமார் எல்லாரும் தள்ளிக்கொண்டு இருக்கிறாங்க மிஸ். நீங்களும் கொஞ்சம் கை குடுங்க."

அவர்தான் ஸ்டெல்லா. அந்த வருடத்துக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். முன்பு அதே கடையின் முன்வாசலில் பாண், அதாவது ரொட்டி, விற்றவர், இப்போதும் விற்கிறார். பெட்டியைத் தெருவிலேயே உடைக்கச் சொன்னேன். இயந்திரத்தைக் கழற்றி, பாகம் பாகமாக உள்ளே கொண்டுபோனோம். பிசையும் தொட்டியை நாலு பேர் தூக்கிப் போனபோது எதிர்வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து கைதட்டினார்கள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். விறகு அடுப்பில் சுட்ட ரோஸ்ட் பாண், மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. பருப்பும் சம்பலும். அப்புறம் முதலை மாதிரி நீண்டு, சீனி ஒட்டிய கிம்புலா பணிஸ். நம் பக்கத்து பேக்கரிகளில் ரொட்டியை ஜுரக்காரர்களுக்கு வாங்குவார்கள். இங்கே அதுதான் மனிதரைக் காலையில் எழுப்பி நடமாட வைக்கிறது.

சாப்பிடும்போது கதை வந்தது. நாடே பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் பழைய முதலாளி கடையை மூடிவிட்டு வெளிநாடு போக முடிவு செய்தார். தர வேண்டிய சம்பளத்துக்கும் சேவைக்காலப் பணத்துக்கும் பதிலாக அடுப்பையும் கட்டிடக் குத்தகையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மற்ற பேக்கரிகள் காஸ் இல்லாமல் படுத்தபோது இவர்களுடைய பழைய விறகு அடுப்பு எரிந்தது. பிசையும் இயந்திரம் மட்டும் பழுதாகி, உதிரிப்பாகம் கிடைக்காமல் செத்துப்போனது. அன்றிலிருந்து கையால்தான் பிசைகிறார்கள்.

"என்ட தோளப் பாருங்க மிஸ்" என்று நிஸாம் நானா சட்டையை விலக்கிக் காட்டினார். கொழும்பு முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அங்கே எல்லோருக்கும் அவர் நானா. முப்பது வருடம் மாவோடு மல்லுக்கட்டியவர். ஒரு தோள் மற்றதைவிடக் கீழே இறங்கியிருந்தது. "டொக்டர் பிசைய வேணாம்ங்கிறார். மா கேக்குமா? அதுக்கு டொக்டரத் தெரியாதே."

எல்லோரும் கட்டியிருந்த நீல ஏப்ரன் இரத்மலானையில் தைத்தது என்று ஸ்டெல்லா சொன்னார். அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலை மூடியபோது பெண்கள் இவர்களைப் பார்த்து ஒரு தையல் கூட்டுறவு ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை நாளில் தேநீருக்குப் பணிஸ் இங்கிருந்து போகிறது.

"ஒரு பேக்கரி மட்டும் எண்டா, வந்து பாத்து வேடிக்கையா இருக்கு எண்டு போவாங்க" என்றார் அவர். "தைக்கிறவங்க, மீன் பிடிக்கிறவங்க, பஸ் ஓட்டுறவங்க, எல்லாருக்கும் தங்கட வேலையில ஒரு சொல் இருக்கோணும். அதுக்குத்தான் மிஸ் நாங்க விழாம நிக்கோணும். நாங்க விழுந்தா, பாத்தீங்களா சரிவராது எண்டு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க."

எனக்குக் குலசிங்கத்தின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் இயந்திரத்தைப் பொருத்தி முடித்தேன். பிற்பகல், அடுப்பு ஆறியிருந்த நேரம், ஸ்டெல்லா என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். மாவு மூட்டைகள் மேலும் தலைகீழாகக் கவிழ்த்த தட்டுகள் மேலும் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பிளேன் டீ வந்தது, பால் இல்லாமல், இஞ்சி தட்டிப் போட்டது.

"மிஸ்ஸிட்ட ஒரு கேள்வி" என்றார் ஸ்டெல்லா. "இந்த மெஷின் ஓடத் தொடங்கினா, பிசையிற இடத்தில எத்தனை பேர் வேணும்?"

பதினெட்டு வருடத்தில் இந்தக் கேள்வி என்னிடம் எத்தனையோ தடவை கேட்கப்பட்டிருக்கிறது. எப்போதும் கண்ணாடி அறைக்குள், கதவைச் சாத்திவிட்டு, ஒற்றை ஆள் கேட்பார். பதில் சொல்லிவிட்டு வருவேன். அடுத்த சர்வீசுக்குப் போகும்போது சில முகங்கள் இருக்காது. விசாரித்தால், ஊருக்குப் போய்விட்டார்கள் என்பார்கள். இங்கே ஒரு கடை முழுக்க எதிரில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தர் போதுங்க" என்றேன்.

ஸ்டெல்லா அதைச் சிங்களத்தில் சொன்னார்.

சிக்கல் இதுதான். இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தபோது பிசைகிறவர் நிஸாம் நானா ஒருவர்தான். கப்பல் தாமதமானது, பாண் கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள், நானாவின் தோள் கெட்டது. அதனால் மூன்று பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஒரு வருடம் முடிந்தால்தான் அங்கத்தவர், அதன்பிறகுதான் வாக்கும் லாபத்தில் பங்கும். அவர்களுக்கு இன்னும் வருடம் முடியவில்லை. ஆகவே அந்த மூவரும் கூட்டத்தில் இல்லை. வெளியே விறகுக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, மாலுப் பாணுக்குள் வைக்கும் மீன் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நேற்று வந்த நான் உள்ளே, அவர்கள் வெளியே.

அடுப்படி சுனில் எழுந்தார். சிங்களவர், நெடிய மனிதர், புருவம் அடுப்புச் சூட்டில் பாதி கருகியிருந்தது. எல்லோரும் அவரைச் சுனில் அய்யே, அதாவது சுனில் அண்ணன் என்பார்கள். அவர் பேசப் பேச ஸ்டெல்லா என் காதருகே சொன்னார்.

"எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் மா விலை ஏறுகிறது. வேலை இல்லாத மூன்று பேரை வைத்திருந்தால் கடை சாயும். கடை சாய்ந்தால் இருபது குடும்பமும் தெருவில். மனசு கேட்கவில்லைதான். மனசைக் கேட்டுப் பாண் சுட முடியாது."

சரியான பேச்சு. என் முதலாளியாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். பலர் தலையாட்டினார்கள். நிஸாம் நானாவும் ஆட்டினார்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் வெங்காயம் உரித்த கத்தி, கண்கள் சிவந்திருந்தன. அது வெங்காயத்தாலா வேறெதனாலா என்று தெரியவில்லை. வசந்தி, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள், மூவரில் ஒருத்தி. வாயைத் திறந்ததும் எனக்குச் சிலிர்த்தது. எங்கள் பக்கத்துப் பேச்சு, தேயிலை பறிக்கப் போன தாத்தாக்களோடு கடல் தாண்டியது.

"சத்தம் வெளிய கேக்குதுங்க" என்றாள். "எங்கள அனுப்புறதுன்னா அனுப்புங்க. நாங்க சண்ட புடிக்க மாட்டோம். ஆனா எங்கள வெளிய ஒக்கார வச்சுட்டு எங்களப் பத்திப் பேசாதீங்க. தோட்டத்துல அப்பிடித்தான் பேசுவாங்க. தொர பங்களாவுக்குள்ள பேசுவாங்க, நாங்க வாசல்ல நிப்போம். இது அப்பிடி எடமில்லன்னு சொன்னதாலதான் நான் இங்க வந்தேன்."

கத்தி கையில் இருப்பதை அப்போதுதான் பார்த்தாள். அவசரமாக முந்தானையில் சுற்றி மறைத்துக்கொண்டாள்.

சுனில் ஸ்டெல்லாவைப் பார்த்து "என்ன சொன்னாள்?" என்று சிங்களத்தில் கேட்டார். ஸ்டெல்லா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

சுனில் உட்காரவில்லை. கருகிய புருவத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு பேசினார், மெதுவாக. பழைய முதலாளி கடையை மூடப்போகிறார் என்பதை அவர் தேநீர்க்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாராம். உள்ளே எல்லாம் முடிவாகிவிட்டிருந்தது. அன்று தனக்கு வேலை போனதைவிட, தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் வலித்ததாம்.

"அந்தப் பிள்ளை சொல்வது சரி. முதலில் அவர்கள் மூன்று பேரையும் அங்கத்தவராகச் சேர்ப்போம். இன்றைக்கே, இப்போதே. அதற்குப் பிறகு, போவதா இருப்பதா என்று எல்லோரும் சேர்ந்து பேசுவோம்."

"அய்யே, அவங்களுக்கும் வாக்கு வந்தா நீங்க சொன்னது தோத்துப் போகும்" என்றார் ஸ்டெல்லா, இரண்டு மொழியிலும்.

"தெரியும்" என்றார் சுனில். அந்தச் சிங்களச் சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நிஸாம் நானா மறுத்தார். ஒளிக்காமல் மறுத்தார். "நான் சொல்றதையும் கேளுங்க. மூணு பங்கு கூடினா எல்லார்ட பங்கும் கொறயும். எனக்கு மகள்ட கல்யாணம் இரிக்கி. ஒரு வருசம்ண்டு சட்டம் வச்சது நாங்கதானே. இன்டைக்கு அவங்களுக்காக வளச்சா நாளைக்கு வேற ஆருக்காகவும் வளைக்கணும்." அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அவரை யாரும் இடைமறிக்கவில்லை. அவர் பேசி முடிக்கும் வரை வசந்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கைகள் உயர்ந்தன. சில உடனே, சில பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டு, ஒன்று பாதி உயர்ந்து தயங்கிப் பிறகு முழுதாக. நிஸாம் நானாவின் கையும் இன்னும் நாலைந்து கைகளும் மடியிலேயே இருந்தன. தீர்மானம் நிறைவேறியது. விறகுக் குவியல் பக்கம் இருந்த மற்ற இருவரையும் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு உட்கார இடம் விடத் தட்டுகளும் மூட்டைகளும் நகர்ந்தன.

இரண்டாவது பேச்சு நெடுநேரம் போனது. சத்தம் போட்டார்கள், நடுவில் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போய் டீ நிரப்பிக்கொண்டு திரும்பினார். கடைசியில் ஒரு வழி பிறந்தது. அடுப்பு வேலை தெரிந்தவர்கள் சுனிலும் நானாவும் மட்டுமே, நானா பிசைவதில் மாட்டியிருந்தார். அதனால் இத்தனை வருடமும் ஒவ்வோர் இரவும் சுனில்தான் அடுப்போடு இருந்தார். இனி அந்த மூவரில் இருவர் அடுப்பு பழகுவது. இரவு வேலையை எல்லோரும் முறை வைத்துப் பகிர்வது. வசந்தி இயந்திரத்தில் தொடங்குவது. இந்த வருடம் லாபப் பங்கு குறைந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குறைவது. வருட முடிவில் மறுபடி உட்கார்ந்து, சரிவந்ததா என்று பார்ப்பது. சரிவரும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

கூட்டம் கலைந்ததும் நிஸாம் நானா என்ன செய்வாரோ என்று பார்த்தேன். அவர் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து வசந்தியிடம் போனார். "தோத்தது நான். மா தோக்கல்லயே. வாங்க மகள், தொட்டியக் கழுவுவம்" என்றார்.

வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் குலசிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு ரயில் போயிற்று. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "நல்ல கதை" என்றார் கடைசியில். "ஆனா அடுத்த வருசக் கணக்கைப் பார்த்துப்போட்டுத்தான் நான் நம்புவன்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "அந்த வெதுப்பகம் எந்தத் தெருவில எண்டு சொன்னனீங்கள்?" என்றார்.

பயிற்சி நாள். வழக்கமாக முதலாளி காட்டுகிற ஓர் ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பேன், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இங்கே கடையில் விற்பவர், மூட்டை இறக்குபவர் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். முறை மாற்றிச் செய்யப் போகிறோம், எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றார்கள். தண்ணீரை எப்போது விடுவது, மூடி திறந்தால் ஏன் நின்றுவிடும், கையை எங்கே வைக்கவே கூடாது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியது. ஸ்டெல்லா சிங்களத்தில் சொல்லி அவர் தொண்டையும் கட்டியது. வசந்தி முதலில் பொத்தானை அழுத்தினாள். தொட்டி சுற்றத் தொடங்கியதும் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். நானா மட்டும் குனிந்து, தன் வேலையை இன்னொன்று செய்வதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனையோ பெரிய தொழிற்சாலைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் ஓர் ஊருக்கே ரொட்டி தள்ளும் வரிசைகளைப் பொருத்தியிருக்கிறேன். எதன் முன்னாலும் வேலை முடிந்தபிறகு இப்படி நின்று பார்த்துக்கொண்டிருந்ததில்லை. இத்தனைக்கும் அது சிறிய மாடல்.

கிளம்பும் நாள் காலை, விடைபெற மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இந்தத் தடவை பலகையை முழுதாகப் படித்துத்தான் பஸ் ஏறினேன். புதிதாகப் பழகுகிறவர்களோடு நிஸாம் நானா முந்தின இரவு அடுப்பைப் பார்த்துக்கொள்ள, சுனிலுக்கு முறைப்படி வீட்டில் தூக்கம். காலை வெளிச்சத்தில், குளித்து, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். எனக்கு அடையாளமே தெரியவில்லை.

எல்லோரும் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லத் தொடங்கினார். ஸ்டெல்லா எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ராத்திரி வீட்டில படுத்தாராம். தூக்கமே வரேல்லயாம். இடையில மகள் தண்ணி குடிக்க எழும்பினவளாம். இவர் படுத்திருக்கிறதைக் கண்டுட்டுக் கிட்ட வந்து..."

ஸ்டெல்லா நிறுத்தினார். ஏப்ரன் நுனியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"கிட்ட வந்து, நெத்தியில கை வச்சுப் பாத்தாளாம். அப்பாவுக்குக் காய்ச்சலோ எண்டு."